சுண்டுவிரல் பக்கத்திலிருந்து ஒரு சேதி

அடைகாக்க வைத்து மூன்று நாளைக்கு மேல் ஆன கோழிமுட்டையின் ஓட்டில் சின்னதாக ஜன்னல் வெட்டிப் பார்த்தால், கருவின் பக்கவாட்டில் மொட்டு மாதிரி ஒரு புடைப்பு தெரியும். இறக்கை ஆகப்போவது அதுதான். எலும்பு, விரல் எதுவும் இன்னும் கிடையாது, மெல்லிய தோல் போர்த்திய செல் குவியல், அவ்வளவுதான். இதில் தோளாக வேண்டியது எது, விரலாக வேண்டியது எது என்று செல்லுக்கு எப்படித் தெரிகிறது?

அமெரிக்கரான ஜான் சாண்டர்ஸ், மொட்டின் நுனியில் வரப்பு போலத் தடித்திருக்கும் தோலை மட்டும் வெட்டி எடுத்துப் பார்த்து 1948-இல் எழுதினார். இறக்கை பாதியில் நின்றுவிட்டது. சீக்கிரமே எடுத்தால் மேற்கையோடு சரி, தாமதித்து எடுத்தால் விரல்கள் மட்டும் இருக்காது. அந்த வரப்பு எஃப்ஜிஎஃப் என்ற புரதங்களைச் சுரந்து, அடியில் உள்ள செல்களை ஓயாமல் வளரவைக்கிறது. வரப்பை எடுத்துவிட்டு, அந்தப் புரதத்தில் ஊறவைத்த குட்டி மணிகளை அங்கே வைத்தாலும் வளர்ச்சி தொடர்ந்தது.

நீளம் சரி, விரல்களின் வரிசை? எனக்கு ரொம்பப் பிடித்த சோதனை இதுதான். மொட்டின் பின்பக்கத்திலிருந்து, அதாவது நம் கையில் சுண்டுவிரல் வரும் பக்கத்திலிருந்து, துளி திசுவைக் கிள்ளி இன்னொரு கருவின் முன்பக்கத்தில் ஒட்டினார்கள். கோழி இறக்கையில் மூன்றே விரல்கள், வழக்கமாக 2-3-4 என்று எண்ணுவார்கள். ஒட்டுப்போட்ட இறக்கையிலோ கண்ணாடியில் பார்த்தது போல 4-3-2-2-3-4 என்று முளைத்தது! அந்தத் திசு சுரக்கும் புரதம் 1993-இல்தான் பிடிபட்டது. பெயர் சோனிக் ஹெட்ஜ்ஹாக், ஆமாம், வீடியோ கேமில் ஓடும் அதே நீல முள்ளெலியின் பெயர்தான். இது நிறைய, நெடுநேரம் கிடைத்த செல்கள் சுண்டுவிரல் பக்கமாகின்றன, கட்டைவிரலுக்கு இது தேவையே இல்லை.

இந்தப் புரதத்துக்கான மரபணுவைக் கை கால் மொட்டில் முடுக்கிவிடும் சுவிட்ச் ஒரு டிஎன்ஏ துண்டு, அந்த மரபணுவிலிருந்து சுமார் பத்து லட்சம் டிஎன்ஏ எழுத்துகள் தள்ளி, வேறொரு மரபணுவுக்குள் ஒளிந்திருக்கிறது. அதில் ஓர் எழுத்து மாறினாலே முன்பக்கத்திலும் சேதி கசிந்து, கட்டைவிரல் பக்கம் கூடுதல் விரல் முளைக்கலாம். சில குடும்பங்களில் இப்படித்தான் ஆறாவது விரல் வருகிறது (நம்மூரில் அதை அதிர்ஷ்டம் என்று சொல்லிவிடுவோம்). அமெரிக்காவின் கீ வெஸ்டில் எழுத்தாளர் ஹெமிங்வே வீட்டில் இருக்கும் கூடுதல் விரல் பூனைகளுக்கும் இதே சங்கதிதான்.

பாம்புகளில் இந்தச் சுவிட்ச் பழுது. 2016-இல் எலியின் சுவிட்சை எடுத்துவிட்டு மலைப்பாம்பினுடையதை வைத்தார்கள், கால்கள் குட்டையாகக் குறுகிப்போயின. அப்புறம் பாம்பு தொலைத்திருந்த 17 எழுத்துகளை மட்டும் அதில் திரும்பச் சேர்த்தபோது, எலிக்குட்டிகள் முழுக் கால்களோடு பிறந்தன.