அதிமதுரம் குடித்தால் வயிற்றுக் கிருமி போய்விடுமா?

போன மாதம் ஒருவர் மறுபடியும் என்னிடம் வந்தார். வயது ஐம்பது இருக்கும். எண்டோஸ்கோப்பியில் எச். பைலோரி என்ற வயிற்று பாக்டீரியாக் கிருமி இருப்பது தெரிந்து, 14 நாளுக்கு ஆன்டிபயாட்டிக் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தேன். வாயெல்லாம் கசக்கிறது என்று ஐந்தாம் நாளே நிறுத்திவிட்டார். அப்புறம் நாலு மாதமாக அதிமதுரப் பொடிதான், காலையும் மாலையும் வெந்நீரில். "எரிச்சல் குறைஞ்சிருக்கு டாக்டர், கிருமியும் போயிருக்கும்ல?" என்று கேட்டார். சோதித்துப் பார்த்தால் கிருமி அப்படியே இருந்தது. ரத்த அழுத்தம் வேறு ஏறியிருந்தது.

அவர் நம்பியதில் பாதி சரிதான். அது ஏன் என்று புரிய, முதலில் கிருமியைப் பார்ப்போம். இந்தக் கிருமி வயிற்று அமிலத்தில் பிழைப்பதற்காக, யூரியாவை உடைத்து அம்மோனியா உண்டாக்கித் தன்னைச் சுற்றி அமிலத்தைத் தணித்துக்கொள்கிறது. பிறகு சளிப்படலத்துக்குள் புகுந்து உட்சுவரை ஒட்டிக் குடியிருக்கிறது. அதன் நச்சுப் புரதங்கள் பட்டதும் நம் செல்கள் அபாயச் செய்தி அனுப்ப, வெள்ளணுக்கள் திரண்டு வருகின்றன. அழற்சி அப்படித்தான் தொடங்குகிறது. வருடக்கணக்கில் நீடித்தால் புண்ணாகலாம், சிலருக்குப் புற்றுநோயிலும் முடியலாம். 1994இலேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இதைப் புற்றுநோய்க் காரணி என்று அறிவித்துவிட்டது.

வெங்காயத்திலும் முருங்கைக்கீரையிலும் உள்ள குவெர்செடின், கிரீன் டீயில் உள்ள கேட்டச்சின், அதிமதுரத்தில் உள்ள சில பொருள்கள் எல்லாம் ஃபிளவனாய்டு என்ற தாவரப் பொருள்களின் குடும்பம். ஆய்வுக்கூடத்தில் வளர்த்த செல்களில் இவை அந்த அபாயச் செய்தியை மட்டுப்படுத்துகின்றன. சில, கிருமியின் வளர்ச்சியையே தடுக்கின்றன. நல்ல செய்திதான், நானும் ஆர்வத்தோடு படிக்கிறேன். ஆனால் ஆய்வுக்கூடத் தட்டில் செல்கள் மணிக்கணக்கில் அந்தப் பொருளில் ஊறிக்கிடக்கின்றன. நாம் குடித்த கஷாயமோ கொஞ்ச நேரத்தில் வயிற்றைக் கடந்து போய்விடுகிறது, கிருமி சளிக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது. எரிச்சல் அடங்குவது வேறு, கிருமி ஒழிவது வேறு. நோயாளிகள் பெரும்பாலும் குழம்புவது இந்த இடத்தில்தான்.

பாதியில் நிறுத்துவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. தப்பிப் பிழைத்த கிருமிகள் அந்த ஆன்டிபயாட்டிக்குக்குப் பழகிவிட்டால், அடுத்த முறை அதே மருந்து வேலை செய்யாது. கசப்போ வயிற்றுப்போக்கோ தாங்க முடியாவிட்டால் டாக்டரிடம் சொல்லுங்கள், மாற்று வழி இருக்கிறது. மருந்து முடிந்து குறைந்தது நாலு வாரம் கழித்து, மூச்சுச் சோதனையோ மலச் சோதனையோ செய்து கிருமி போய்விட்டதா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். அமிலம் குறைக்கும் மாத்திரையை, டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, அதற்கு இரண்டு வாரம் முன்பே நிறுத்த வேண்டும்; இல்லையென்றால் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டிவிடும். மலம் தார் போலக் கறுத்தாலோ, ரத்த வாந்தி வந்தாலோ சோதனைக்கெல்லாம் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

வெங்காயமும் கீரையும் தாராளமாகச் சாப்பிடலாம். அதிமதுரம் அப்படியல்ல. அதிலுள்ள கிளிசிரைசின் உடலில் உப்பைத் தேக்கி, பொட்டாசியத்தை இறக்கி, ரத்த அழுத்தத்தை ஏற்றும். அவர் அதை நிறுத்திய பிறகு அழுத்தம் இறங்கி வருகிறது. இப்போது வேறு மருந்துகளோடு மறுபடி 14 நாள் கோர்ஸ். நேற்று போன் செய்து, ஒன்பதாம் நாள் என்றார்.