ஸ்பீக்கரைப் பார்க்காமல் டேக்கை மாற்றாதீர்கள்

போன வாரம் கோலாலம்பூர் செந்தூலிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். பணி ஓய்வு பெற்றவர். மாலையானால் பழைய பாட்டுக் கேட்பதுதான் அவருக்குப் பொழுது. கொஞ்ச நாளாகப் பாட்டில் கரகரப்பு, பேஸும், அதாவது அடித்தொனியும், ஒடுங்கிவிட்டது. டேக் (DAC) என்பது டிஜிட்டல் எண்களை ஒலிக்கான மின் அலையாக மாற்றி ஆம்பிளிஃபயருக்குத் தரும் பெட்டி, அவரிடமும் ஒன்று உண்டு. ஒரு கடையில் சொன்னதற்கு, "உங்க டேக் பதினஞ்சு வருஷப் பழசு அங்கிள், இப்ப சிப்பெல்லாம் எங்கேயோ போயிடுச்சு" என்று 4,000 வெள்ளிக்கு ஒன்றைத் தலையில் கட்டியிருக்கிறார்கள். வீட்டில் மாட்டினால் அதே கரகரப்பு. அப்புறம்தான் ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு என் பட்டறைக்கு வந்தார். முன் துணியைக் கழற்றி ஊஃபரின், அதாவது அடித்தொனி தரும் பெரிய கூம்பின், ஓரத்தில் விரல் வைத்தேன். ஃபோம் வளையம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. புது வளையம் ஒட்ட ஆகும் செலவு அந்த டேக்கின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

இப்படி வருகிறவர்களில் அவர் முதல் ஆள் இல்லை, அதனால்தான் எழுதுகிறேன். நம் ஊர்ச் சூட்டிலும் ஈரத்திலும் ஸ்பீக்கர் ஃபோம் அரித்துப்போகும், ஆம்பிளிஃபயரின் வால்யூம் திருகிக்குள் இருக்கும் தொடுமுனை கறுத்துப்போகும். இந்த வரிசையில் மிகக் குறைவாகத் தேய்வது டேக்தான். ஆனால் எல்லோரும் முதலில் மாற்றத் துடிப்பதும் அதைத்தான்.

காரணம், டேக்கும் கைப்பேசி போலப் பழசாகிவிடும் என்ற நம்பிக்கை. தயவுசெய்து இதை விட்டுவிடுங்கள். வேலை செய்கிற சிப் வருஷம் போகப் போக மங்குவதில்லை. சிடி 1982இல் சந்தைக்கு வந்தபோதே 16 பிட் (ஒலியின் ஒவ்வொரு மாதிரியையும் எவ்வளவு நுணுக்கமாக எழுதுவது), 44.1 கிலோஹெர்ட்ஸ் (நொடிக்கு 44,100 மாதிரிகள்) என்று அளவு முடிவாகிவிட்டது. மிகச் சன்னமான ஒலிக்கும் மிகப் பெரிய ஒலிக்கும் இடையே ஏறத்தாழ 96 டெசிபெல் இடைவெளி அதில் அடங்கும். 2000களில் வந்த பர்-பிரவுன் பிசிஎம்1792 போன்ற சிப்புகள் 120 டெசிபெலையே தாண்டிவிட்டன. நம் வீட்டுக் கூடத்தில் ஃபேன் ஓடினாலே 40 டெசிபெல் இரைச்சல் இருக்கும். 1970களிலும் 80களிலும் டேப்பில் பதிந்த பாட்டுகளில் டேப்பின் 'ஸ்ஸ்' சத்தமே பாட்டின் உச்ச ஒலியைவிட 60, 70 டெசிபெல்தான் கீழே உட்கார்ந்திருக்கிறது. பழைய டேக் இதையெல்லாம் எடுத்துக் கொடுத்த பிறகும் அதற்குக் கையிருப்பு மிச்சம் இருக்கிறது. அதற்கு மேல் புது டேக் எதைக் காட்டும்?

"இது 32 பிட், 768 கிலோஹெர்ட்ஸ்" என்பார்கள். 24 பிட்டுக்கே கணக்குப்படி 144 டெசிபெல் வரவேண்டும். அந்த அளவை முழுதாகத் தொடும் டேக்கை நான் பார்த்ததில்லை, மின்சுற்றின் சொந்த இரைச்சலே அதைத் தடுத்துவிடும். 44.1 கிலோஹெர்ட்ஸே 22 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியைப் பிடித்துவிடுகிறது. இளம் காதுக்கே 20தான் எல்லை, வயதாக ஆக அதுவும் இறங்கும். பெட்டியின் மேல் அச்சடித்த எண்ணைக் காது கேட்பதில்லை.

"கடையில் கேட்டேன், வித்தியாசம் தெரிந்ததே" என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. தெரிந்திருக்கும். பெரும்பாலும் அது சத்தத்தின் அளவு. சாதாரண டேக் 2 வோல்ட் வெளியிடும். புதியது 2.5 வோல்ட் என்றால் அதுவே ஏறத்தாழ 2 டெசிபெல் கூடுதல். இந்தச் சிறு கூடுதலைக் காது 'சத்தம்' என்று எடுத்துக்கொள்வதில்லை, 'தெளிவு' என்று எடுத்துக்கொள்ளும். அதனால் ஒப்பிடுவதென்றால் ஒரே தொனியை இரண்டிலும் ஓட்டி, மல்டிமீட்டரில் வோல்ட்டைச் சமமாக்கிவிட்டு ஒப்பிடுங்கள். எது ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியாதபடி பிள்ளைகளிடம் இரண்டு டேக்கையும் மாற்றி மாற்றி ஓடவிடச் சொல்லுங்கள். பட்டறையில் நான் இப்படி வைத்துக் காட்டியபோது உறுதியாக வந்தவர்கள் பலர் வாங்கும் எண்ணத்தைத் தள்ளிப்போட்டிருக்கிறார்கள்.

மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பழைய டேக்கில் யூஎஸ்பி இல்லை, நீங்களோ இப்போது மடிக்கணினியிலிருந்துதான் கேட்கிறீர்கள் என்றால் அது நியாயமான காரணம். ஆனால் யூஎஸ்பியைக் கோஆக்ஸாக (பழைய டேக்குகளில் இருக்கும் டிஜிட்டல் துளைக்கு ஏற்றதாக) மாற்றும் சின்னக் கருவி ஒன்று அந்த வேலையை முடித்துவிடும், அதை முதலில் பாருங்கள். தயாரித்தவர் டிரைவரை, அதாவது டேக்கைக் கணினிக்குப் புரியவைக்கும் மென்பொருளை, கைவிட்டிருந்தாலும் மாற்றலாம். விண்டோஸ் 2017லிருந்துதான் யூஎஸ்பி ஆடியோவின் இரண்டாம் பதிப்பைத் தானாகப் புரிந்துகொள்கிறது. அதற்கு முந்தைய டேக்குகள் பல சொந்த டிரைவரையே நம்பியிருந்தன. ரிமோட் வேண்டும், ஹெட்ஃபோன் துளை வேண்டும் என்பதும் சரிதான்.

டிவியில் மாட்டிய டேக் திடீரென்று ஊமையாகிவிட்டது என்று தூக்கிக்கொண்டு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டிவியின் ஒலி அமைப்பில் டால்பி இருந்தால், சாதாரண டேக்குக்குப் புரியாது, அதைப் பிசிஎம் (சுருக்காத ஒலி) என்று மாற்றுங்கள். பாதிப் பேருக்கு அதோடு வேலை முடிந்துவிடும்.

ஒரு ஃபார்மட்டுக்காக மட்டும் வாங்காதீர்கள். எம்கியூஏ (MQA, இணையப் பாட்டுகளுக்கு வந்த ஒரு ஒலி ஃபார்மட்) என்ற எழுத்து இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து வாங்கினார்கள். 2023 ஏப்ரலில் அந்த நிறுவனம் கடன் நிர்வாகத்துக்குப் போனது, 2024இல் டைடல் என்ற இணையப் பாட்டுச் சேவையும் அதை விட்டு ஃபிளாக் (FLAC) என்ற பொது ஃபார்மட்டுக்கு மாறிவிட்டது.

டேக்குக்குள் உண்மையில் மூப்படைவது மின்தேக்கிகள், அதாவது கெப்பாசிட்டர்கள். சூடு 10 டிகிரி ஏறினால் அவற்றின் ஆயுள் பாதியாகும். அதனால் டேக்கை ஆம்பிளிஃபயரின் மேலோ ஆஸ்ட்ரோ டிவி பெட்டியின் மேலோ வைக்காதீர்கள். இரைச்சலோ 'ம்ம்' என்ற ஓசையோ வந்தால் கெப்பாசிட்டர் மாற்றினாலே பல நேரம் சரியாகிவிடும். நீங்களே திறக்க வேண்டாம், அடாப்டர் இல்லாமல் நேரே சுவரில் மாட்டும் டேக்குகளுக்குள் 240 வோல்ட் வருகிறது. அடாப்டர் கெட்டுப்போனால் வீட்டில் கிடக்கும் ஏதோ ஒன்றைச் செருகாதீர்கள். சில டேக்குகளுக்கு ஏசி அடாப்டர், சிலவற்றுக்கு டிசி. வோல்ட் ஒன்றாக இருந்தும் முனை மாறினால் எரிந்துவிடலாம். மத்தியானம் இடிமழை வரும்போல இருந்தால், அது தொடங்குமுன் பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது, ஏரியலையும் நெட்வொர்க் கேபிளையும் பிடுங்குங்கள். மின்னல் யூஎஸ்பி வழியாக வந்து சுட்டுவிட்டுப் போன டேக்குகள் என் மேசையில் அடுக்கியிருக்கின்றன.

இதையெல்லாம் பார்த்த பிறகும் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், பழைய டேக்கையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். அங்கேயே பக்கத்தில் வைத்துக் கேட்கட்டுமா என்று கேளுங்கள், வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சில நாள் கேட்டுப் பார்க்கவும் அனுமதி கேளுங்கள். பிடிக்காவிட்டால் எத்தனை நாளுக்குள் திருப்பலாம் என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.