தினம் ஒரு பூ: வரையும் கையையும் கவனியுங்கள்

கை, மணிக்கட்டு வலிகளுக்கான இயன்முறை சிகிச்சையில் இருக்கும் என்னிடம், இணையத்தில் 'தினம் ஒரு பூ' வரையும் சவாலில் சேர்ந்தவர்கள் அவ்வப்போது வருகிறார்கள். முதல் வாரம் உற்சாகத்தோடும் இரண்டாம் வாரம் பிடிவாதத்தோடும் வரைந்துவிட்டு, மூன்றாம் வாரத்தில் கட்டைவிரலின் அடிப்பகுதியைத் தடவிக்கொண்டே வரைந்தவர்கள் அவர்கள். 'வரையாதே' என்று சொல்லிவிடுவேனோ என்ற அச்சத்தில் பலர் வலியை வெளியில் சொல்லாமலேயே நாள்களைக் கடத்தியிருப்பார்கள். வரைவதை நான் அபூர்வமாகத்தான் முழுவதும் நிறுத்தச் சொல்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பூ வரைவதில் கைக்கு என்ன சிரமம் என்று கேட்கலாம். மலையையோ மரத்தையோ வரையும்போது முன்கையும் தோளும் சேர்ந்து அசைகின்றன. இதழின் விளிம்பு, இதழுக்குள் ஓடும் நரம்புகள், மகரந்தத் தூளைக் காட்டும் புள்ளிகள் ஆகியவையோ விரல் மூட்டுகளின் அசைவில் மட்டுமே பிறக்கும் சிறு கோடுகள். பேனா நழுவாமல் இருக்கக் கட்டைவிரல் இறுக்கிப் பிடித்தபடியே இருக்கிறது. கட்டைவிரலை விரித்து உயர்த்தும் இரண்டு தசைநாண்கள் மணிக்கட்டின் ஓரத்தில் ஒரே குறுகிய உறைக்குள் நுழைந்து செல்கின்றன. அந்த உறை தடித்துவிட்டால் ஒவ்வொரு அசைவும் உராய்வாகிறது. 1895இல் இதை விவரித்த சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் ஃபிரிட்ஸ் டி குவெர்வெய்னின் பெயரிலேயே இந்நோய் இன்றும் அறியப்படுகிறது. டேப்லெட்டின் வழுவழுப்பான கண்ணாடியில் வரைபவர்கள், தாளில் கிடைக்கும் பிடிமானம் இல்லாததால், தம்மை அறியாமலேயே இன்னும் அழுத்துகிறார்கள். வரைந்து முடித்ததும் மற்றவர்களின் படங்களைப் பார்க்க அதே கட்டைவிரல்தான் கைபேசித் திரையையும் தள்ளுகிறது; அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

சில மாதங்களுக்கு முன் வந்த ஒரு பெண்மணி, பழக்கமே இல்லாத நிலையில் சவாலில் சேர்ந்து, சூரியகாந்தியின் நடுவட்டை ஒரே இரவில் புள்ளி புள்ளியாக நிரப்பியிருந்தார். அந்த வட்டில் இருப்பவை நூற்றுக்கணக்கான தனித்தனிச் சிறு பூக்கள். அவற்றுள் ஒன்றையும் விட்டுவிட அவருக்கு மனமில்லை. படம் உண்மையிலேயே அழகாக இருந்தது, மறுநாள் காலை அவரால் பாட்டில் மூடியைத் திறக்க முடியவில்லை.

அவருக்கு நான் சொன்ன யோசனை, பூவையே மருந்தின் அளவுபோலக் கருதச் சொன்னதுதான். கை தெளிவாக இருக்கும் நாளில் செவ்வந்தியும் டேலியாவும் வரையலாம். மணிக்கட்டு கனக்கும் நாளில் ஐந்து அகன்ற இதழ்கள் கொண்ட செம்பருத்தி போதும். அதற்கும் முடியாத நாளில் ஒரு பெரிய இதழே முகமாக நிற்கும் சங்குப்பூவைத் தோளிலிருந்து வரும் இரண்டு மூன்று வீச்சுகளில் முடித்துவிடலாம். மெல்லிய பேனாவின் மேல் ரப்பர் உறை மாட்டித் தடிமனாக்குவதும், கால் மணி நேரத்துக்கு ஒருமுறை பேனாவைக் கீழே வைத்து விரல்களை அகல விரிப்பதும் எளிய உதவிகள். வரையும்போது வலிக்கவில்லை என்பதை மட்டும் நம்ப வேண்டாம். மறுநாள் காலை கை எப்படி இருக்கிறது என்பதே நம்பத்தக்க அளவுகோல்.

இத்தனைக்கும் தடையாக நிற்பது, தொடர்ச்சி அறுந்துவிடக்கூடாது என்ற எண்ணம். அக்டோபர் மாதத்தின் 31 நாளும் மையால் வரையும் 'இங்க்டோபர்' சவாலை 2009இல் தொடங்கிய அமெரிக்க ஓவியர் ஜேக் பார்க்கரே, ஒருநாள் விட்டு ஒருநாளோ வாரம் ஒன்றோ வரைந்தாலும் போதும் என்று விதியிலேயே இடம் வைத்திருக்கிறார். சவாலைத் தொடங்கியவருக்கு இருக்கும் தாராளம் அதில் சேர்ந்தவர்களுக்கு ஏனோ வருவதில்லை.

எல்லா வலியும் கட்டைவிரலோடு நிற்பதில்லை. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவை இரவில் மரத்துப்போய், கையை உதறினால் சரியாகிறது என்றால், மணிக்கட்டின் உட்பக்கத்தில் நரம்பு நெருக்கப்படும் கார்ப்பல் டனல் பாதிப்பாக இருக்கலாம். சுண்டுவிரல் மரத்தால், மேசை விளிம்பில் முழங்கையை ஊன்றி வரைகிறீர்களா என்றுதான் முதலில் கேட்பேன். முதலில் சொன்ன தசைநாண் உராய்வைக் கண்டறிய, கட்டைவிரலை உள்ளே மடித்து மணிக்கட்டைச் சாய்த்துப் பார்க்கும் பரிசோதனையை வீட்டிலேயே செய்துவிட்டுப் பயந்துபோய் வருபவர்களும் உண்டு. நலமான கையிலும் அது ஓரளவு இழுத்துப் பிடிக்கும், அதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது.

ஓய்வு கொடுத்தும் இரண்டு வாரத்தில் குறையாத வலி, வீக்கம், பொருள்கள் கைநழுவி விழுதல் ஆகியவை இருந்தால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். கடையில் வாங்கிய மணிக்கட்டுப் பட்டை கட்டைவிரலைத் தாங்கவில்லை என்றால், மேலே சொன்ன உராய்வுக்கு அதனால் பெரிய பயன் இல்லை. சிகிச்சைக்கு வரும்போது நீங்கள் வரையும் பேனாவையும் கொண்டு வாருங்கள். அதைப் பிடிக்கும் விதத்தைப் பார்த்த பிறகே எங்களுக்குப் பாதி விஷயம் புரிகிறது.