ஆன்லைன் படிப்பில் சேரவைப்பது எது, முடிக்கவைப்பது எது?

டெல்டா மாவட்டக் கல்லூரிகளில் செமஸ்டர் தொடங்கினால் ஸ்வயம் பேச்சும் தொடங்கிவிடும். 2017-ல் மத்திய அரசு தொடங்கிய ஆன்லைன் படிப்புத் தளம் அது. ஐஐடிகள் நடத்தும் என்பிடெல் பாடங்களும் அதில் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2021 விதிகளின்படி, ஒரு செமஸ்டரின் பாடங்களில் 40 விழுக்காடு வரை இதில் படித்து, பட்டத்துக்குக் கணக்கில் சேரும் கிரெடிட் வாங்கலாம். பாடத்தில் சேரக் காசு வேண்டாம். ஆனாலும் ஒரே வகுப்பில் சிலர் சேர்கிறார்கள், சிலர் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. சேர்ந்தவர்களிலும் பலர் பாதியில் நின்றுவிடுகிறார்கள்.

அலுவலக மென்பொருள்களை ஊழியர்கள் ஏன் ஏற்கிறார்கள் என்று ஆராய்ந்த அமெரிக்க ஆய்வாளர் ஃபிரெட் டேவிஸ், 1989-ல் இரண்டு நம்பிக்கைகளைச் சுட்டினார். ‘இது எனக்குப் பயன்படும்’ என்பது ஒன்று. ‘இது எனக்குச் சுலபமாக வரும்’ என்பது இன்னொன்று. இரண்டில் பயனுக்குத்தான் எடை அதிகம். வேலை கிடைக்கும் என்று தெரிந்தால் சிரமத்தைப் பொறுத்துக்கொள்வோம். எவ்வளவு சுலபமானாலும் பயனில்லாததைத் தொடமாட்டோம்.

நம் ஊரில் அந்த இரண்டாவது நம்பிக்கை பெரும்பாலும் மொழியில்தான் உடைகிறது. பிளஸ் டூ வரை தமிழ்வழியில் படித்த பிள்ளை, ஆங்கிலத்தில் ஓடும் பாடத்தைப் பார்க்கும்போது பாடம் கடினமா, மொழி கடினமா என்று பிரித்தறிய முடியாமல், ‘நமக்கு வராது’ என்று மூடிவிடுகிறது. தன்னால் முடியும் என்ற நம்பிக்கை வளர்வதற்கு, தானே செய்து பெற்ற வெற்றியைப் போல வலுவானது வேறில்லை என்று உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-லேயே எழுதினார். பல என்பிடெல் பாடங்களுக்குத் தமிழ் எழுத்து வடிவம் இருக்கிறது. முதல் வாரத்திலேயே அதைக் கையில் கொடுத்து ஒரு அசைன்மென்ட்டைச் சரியாக முடிக்க வைத்தால், பத்து அறிவுரைகளைவிட அது உதவும்.

புதிய தொழில்நுட்பத்தை மக்கள் ஏன் ஏற்கிறார்கள் என்பது பற்றிய எட்டுப் பழைய கோட்பாடுகளை, 2003-ல் ஆய்வாளர் விஸ்வநாத் வெங்கடேஷும் டேவிஸ் உள்ளிட்ட சக ஆய்வாளர்களும் சேர்த்து ஒன்றாக்கினார்கள். பயன், எளிமை ஆகியவற்றோடு, சுற்றியிருப்பவர்களின் சொல், கைவசமுள்ள வசதி என்று நான்கு காரணிகள். இதில் பலரும் கவனிக்காத நுட்பம் ஒன்று உண்டு. முதல் மூன்றும் மனிதருக்குள் விருப்பத்தை உண்டாக்குகின்றன. வசதியோ நேரடியாகச் செயலில் கைவைக்கிறது. மேட்டூரில் ஜூன் 12-ல் தண்ணீர் திறந்தாலும், வாய்க்கால் தூர்ந்திருந்தால் கடைமடைக்கு வராது. விருப்பத்துக்கும் படிப்புக்கும் நடுவிலும் அப்படித்தான்.

திருத்துறைப்பூண்டிக்கு அப்பால் ஒரு கிராமத்திலிருந்து பஸ்ஸில் கல்லூரிக்கு வரும் மாணவியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆசை இருக்கிறது. வீட்டில் இருக்கும் ஒரே ஸ்மார்ட்போன் இரவில்தான் கைக்கு வரும். அந்த நேரம் பார்த்து சிக்னலோ கரண்டோ போய்விட்டால் அன்றைய பாடம் போச்சு. இவளைச் சோம்பேறி என்று எழுதிவிடுவது பெரிய அநியாயம். 2021 தொடக்கத்தில் தமிழக அரசு கல்லூரி மாணவர்களுக்குத் தினமும் 2 ஜிபி இலவச டேட்டா கொடுத்தது, இந்த நான்காவது காரணியைத் தொட்ட முயற்சி.

சுற்றியிருப்பவர்களின் சொல்லுக்கும் ஒரு வரம்பு உண்டு. கட்டாயம் இருக்கும் இடத்தில், அதுவும் ஆரம்பத்தில்தான் அதற்கு வலு. அனுபவம் கூடக்கூட அது தேய்கிறது என்று அந்த 2003 ஆய்வே காட்டியது. துறைத் தலைவர் சொன்னதற்காகச் சேர்ந்தவர் நான்காவது வாரத்தில் நிற்பதில் வியப்பில்லை. பிளேஸ்மென்ட் கிடைத்த சீனியர் சொல்வது கொஞ்சம் கூடுதல் காலம் நிற்கும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அதில் பயனும் கண்முன் தெரிகிறது.

ஹார்வர்டு, எம்ஐடி ஆகியவற்றின் ஆன்லைன் பாடங்களை வைத்து 2019-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வும், சேர்வது வேறு, முடிப்பது வேறு என்று காட்டுகிறது. 2017-18-ல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் சுமார் 3 விழுக்காடுதான். சான்றிதழுக்குப் பணம் கட்டியவர்களிலோ 46 விழுக்காடு. பணம்தான் முடிக்க வைத்தது என்று உடனே சொல்லிவிட முடியாது. உறுதியானவர்கள்தானே பணமும் கட்டியிருப்பார்கள். என்பிடெல்லிலும் பாடம் இலவசம், தேர்வுக்குக் கட்டணம். அதைக் கட்ட முடியாமல் நிற்பவரையும் விருப்பமில்லாமல் நிற்பவரையும் கல்லூரி பிரித்துப் பார்க்க வேண்டும்.

அதுவரை செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. என்பிடெல் காணொளிகளை டவுன்லோட் செய்துகொள்ளலாம். கணினி ஆய்வகத்தைக் கடைசி பஸ் கிளம்பும் வரை திறந்து வைத்தால், அந்த வாரப் பாடங்களை மாணவி பென்டிரைவிலோ மெமரி கார்டிலோ எடுத்துப் போகலாம். சிக்னல் இல்லாத வீட்டிலும் அவை ஓடும்.