பூனைக்கு இளைப்பு வந்தால்

மதுரை செல்லூரில் தறிச் சத்தத்துக்கு நடுவே வளரும் ஒரு பூனை திடீரென்று குந்தி உட்கார்ந்து, கழுத்தைத் தரையோடு தரையாக நீட்டி இருமுகிறது. கக்கப்போகிறது என்று பார்த்தால் ஒன்றும் வரவில்லை. எச்சிலை விழுங்கிவிட்டு எழுந்து போய்விடுகிறது. "முடியை நக்கி முழுங்கியிருக்கும்" என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். முடியுருண்டை என்றால் கடைசியில் வெளியே வந்து விழ வேண்டுமே? வாரத்துக்கு நாலு தடவை இருமியும் உருண்டை கண்ணில் படவில்லை என்றால் நெஞ்சைத்தான் சந்தேகப்பட வேண்டும்; அது இளைப்பாக, அதாவது ஆஸ்துமாவாக இருக்கலாம்.

பஞ்சுத் தூசியோ மணல் தொட்டியில் கிளம்பும் புழுதியோ, ஏதோ ஒன்றைப் பூனையின் உடல் எதிரியாக எடுத்துக்கொள்கிறது. ஈசினோபில் என்ற வெள்ளையணுக்கள் மூச்சுக்குழல் சுவரில் வந்து குவிகின்றன. சுவர் வீங்குகிறது, சளி கட்டுகிறது, சுற்றியுள்ள தசை இறுகுகிறது. காற்று உள்ளே போய்விடும். வெளியே வரத்தான் திணறும். கொசுவர்த்தியும் வெள்ளிக்கிழமை சாம்பிராணியும் இதைக் கிளறிவிடுகின்றன. பூனையின் குழலை இறுக்குவதில், உடலே சுரக்கும் வேதிப்பொருட்களில் ஹிஸ்டமினைவிட செரட்டோனினுக்குப் பங்கு அதிகம். ஒவ்வாமைக்கு நாம் போடும், ஹிஸ்டமினைத் தடுக்கும் மாத்திரை இங்கே எடுபடாததற்கு அதுவும் ஒரு காரணம்.

எக்ஸ்ரேயில் தடித்த குழல்கள் குறுக்குவாட்டில் வளையமாகவும் நெடுக்குவாட்டில் தண்டவாளமாகவும் தெரியும். சில பூனைகளுக்குப் படம் சுத்தமாகவே இருக்கும். நுரையீரல் புழுவும் இதே மாதிரி இருமவைக்கும் என்பதால் முதலில் பூச்சி மருந்து கொடுத்துப் பார்ப்பது வழக்கம்.

மருந்து இரண்டு வகை. இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். சால்பூட்டமால் இறுகிய தசையைச் சில நிமிடங்களில் தளர்த்தும், வீக்கத்தைத் தொடாது. வீக்கத்தைத் தணிப்பது ஸ்டீராய்டு. முதலில் பிரெட்னிசோலோன் மாத்திரை. அதையே வருடக்கணக்கில் கொடுத்தால் சர்க்கரை நோய் வரலாம் என்பதால், மெல்ல புளூட்டிகசோன் என்ற ஸ்டீராய்டு இன்ஹேலருக்கு மாற்றுவார்கள். அது முழுதாக வேலை செய்ய ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதுவரை மாத்திரையும் கூடவே போகும். 'அடிச்சும் ஒண்ணும் ஆகலையே' என்று மூன்றாம் நாள் நிறுத்துவதும், இருமல் நின்றதும் மாத்திரையைச் சட்டென்று விடுவதும் ஒரே தப்புதான்.

சரி, பூனையிடம் "மூச்சை இழு" என்று சொல்ல முடியுமா? அதற்குத்தான் ஸ்பேசர்: ஒரு முனையில் இன்ஹேலர், மறுமுனையில் முகமூடி உள்ள பிளாஸ்டிக் குழாய். மருந்து அதற்குள் மிதந்து நிற்கும். பூனை தன் போக்கில் ஏழு முதல் பத்து மூச்சு இழுத்தால் போதும். முதல் நாளே அமுக்கினால் அந்த 'புஸ்' சத்தத்துக்கே கட்டிலுக்கடியில் ஓடிவிடும். சில நாள் வெறும் முகமூடிக்குள் கருவாட்டுத் துணுக்கை வைத்துப் பழக்குங்கள். அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். வீட்டில் இருக்கிறதே என்று பாராசிட்டமால் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்; ஒரு 500 மில்லிகிராம் மாத்திரையே பூனையைக் கொன்றுவிடக்கூடும்.

அது அசந்து தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். முப்பதுக்குள் இருந்தால் நல்லது. நாற்பதைத் தாண்டினால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் எண்ணிக்கொண்டிருக்காமல் உடனே ஆட்டோவைக் கூப்பிடுங்கள்.