எறும்பின் மெழுகில் எழுதியிருப்பது

பொள்ளாச்சிப் பக்கத்து மாந்தோப்புகளில் இலைகளை இழுத்துத் தைத்துக் கூடு கட்டும் முசுறு எறும்புகளைப் பார்த்திருப்பீர்கள். ஒன்றை எடுத்து அயல் கூட்டத்தின் கூட்டருகே விட்டால், உணர்கொம்பால் தடவிப் பார்த்ததுமே பெரும்பாலும் சண்டை மூண்டுவிடும். உணர்கொம்பு படிப்பது மேல்தோலில் படிந்திருக்கும் மெல்லிய மெழுகை. ஏறக்குறைய 20 முதல் 40 கார்பன் அணுக்கள் சங்கிலியாகக் கோத்த ஹைட்ரோகார்பன்களின், அதாவது கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே கொண்ட சேர்மங்களின், கலவை அது. கொங்குச் சீமையின் சித்திரை வெயிலில் பூச்சியின் உடல்நீர் வற்றிவிடாமல் காப்பதும் அதே மெழுகுதான்.

எறும்புக்குத் தொட்டால் போதும். நமக்கு, கலவையைத் தனித்தனியாகப் பிரித்து ஒவ்வொன்றின் நிறையையும் அளக்கும், ஆய்வகங்களில் ஜி.சி.எம்.எஸ். என்று சொல்லப்படும் கருவி வேண்டும். எறும்பை ஹெக்சேன் என்ற கரைப்பானில் சில நிமிடங்கள் ஊறவிட்டால் மெழுகு அதில் கரைந்துவிடும். அதில் ஒரு மைக்ரோலிட்டர் ஆவியாகி, ஹீலியத்தோடு ஒரு குழாய்க்குள் புகுகிறது. சுருளாகச் சுற்றிய அந்தக் குழாய் வழக்கமாக 30 மீட்டர் நீளம், உள்விட்டமோ 0.25 மில்லிமீட்டர்தான். வெப்பத்தை 300 டிகிரி செல்சியஸ் அளவுக்குப் படிப்படியாக ஏற்ற ஏற்ற, குட்டைச் சங்கிலிகள் முதலிலும் நீண்டவை பின்னாலும் வெளிவருகின்றன. ஒவ்வொன்றும் திரையில் ஒரு சிகரம்.

வெளிவந்த நிமிடத்தை மட்டும் குறித்துப் பயனில்லை. குழாய் மாறினால் நிமிடமும் மாறும். அதனால் கார்பன் எண்ணிக்கை தெரிந்த நேர்ச்சங்கிலி ஆல்கேன்களையும் (இரட்டைப் பிணைப்பு இல்லாத ஹைட்ரோகார்பன்கள்) அதே குழாயில் ஓட்டி மைல்கற்களாக வைக்கிறார்கள். வேதியியலாளர் எர்வின் கோவாட்ஸ் 1958இல் போட்டுக்கொடுத்த வழி இது. 27 கார்பன் ஆல்கேன் வெளிவரும் இடத்துக்கு 2700 என்ற எண், 28க்கு 2800. நம் சிகரம் 2730ஐ ஒட்டி விழுந்தால், சங்கிலியின் நடுப்பகுதியில் ஒரு மெத்தில் கிளை, அதாவது ஒற்றைக் கார்பன் கிளை, இருக்கலாம்.

எந்த இடத்தில்? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். வெளிவரும் மூலக்கூறுகளை 70 எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலுள்ள எலக்ட்ரான்கள் தாக்கி உடைக்கின்றன. நேர்ச்சங்கிலி எங்கு வேண்டுமானாலும் முறியும்; 57, 71, 85, 99 என்று பதினான்கு பதினான்காக (ஒரு கார்பனும் இரண்டு ஹைட்ரஜனும் சேர்ந்த நிறை) துண்டுகளின் நிறை ஏறிச் செல்லும். கிளையுள்ள சங்கிலி அப்படியல்ல. முருங்கையில் ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கொம்பு கவையில்தான் முறியும். மூலக்கூறும் கிளை பிரியும் கார்பனை ஒட்டியே முறிகிறது. 13ஆம் கார்பனில் மெத்தில் கிளை கொண்ட 27 கார்பன் சங்கிலியில் 197, 225 ஆகிய துண்டுகள் அக்கம்பக்கத்தைவிட ஓங்கி நிற்கும். முதலாவதில் 14 கார்பன், மற்றதில் 16. கவையில் உள்ள கார்பனும் மெத்தில் கிளையும் இரண்டு கணக்கிலும் வரும். அவற்றைக் கழித்தால் ஒரு பக்கம் 12, மறுபக்கம் 14. எனவே கிளை 13ஆவதில்.

கோவையில் பூச்சியியல் படிக்கும் மாணவர்களிடம் ஒன்றை வலியுறுத்துவேன்: தெரிந்த சேர்மங்களின் துண்டுப் பதிவுகளைச் சேர்த்துவைத்திருக்கும் கணினி நூலகம் முதலில் நீட்டும் பெயரை அப்படியே அட்டவணையில் எழுதிவிடாதீர்கள். நீண்ட ஆல்கேன்களின் நிறமாலைகள், அதாவது துண்டுகளின் நிறைப் பதிவுகள், எல்லாம் ஒரே சாயல். முழு மூலக்கூறின் நிறையோ பல நேரம் மங்கலாகவே தெரியும். வெளிவந்த நேரமும் துண்டுகளும் ஒத்துப்போனால்தான் பெயர் சூட்ட வேண்டும்.

ஆல்கீன்கள் எனப்படும் இரட்டைப் பிணைப்புள்ள சங்கிலிகள் இன்னும் பிடிவாதமானவை. அடிபட்டதும் பிணைப்பு இடம்பெயர்ந்துவிடுவதால், அது எங்கிருந்தது என்பது துண்டுகளில் தெரியாது. முன்கூட்டியே அயோடின் துணையோடு டைமெத்தில் டைசல்பைடு என்ற கந்தகச் சேர்மத்துடன் வினைபுரியவைத்தால், பிணைப்பின் இரு கார்பன்களிலும் கந்தகம் ஒட்டிக்கொள்ளும். முறிவு அவற்றுக்கு நடுவே நிகழும். நாமக்கல் கோழிப்பண்ணைகளில் மொய்க்கும் வீட்டு ஈயை எடுத்துக்கொள்ளுங்கள். பெண் ஈயின் மெழுகில் உள்ள 23 கார்பன் ஆல்கீன் ஒன்று இவ்வாறு 173, 243 என்ற துண்டுகளைத் தருகிறது. ஒவ்வொன்றிலும் கந்தகத் தொகுதிக்கு 47ஐக் கழித்தால் 126, 196. பதினான்கால் வகுத்தால் ஒன்பது கார்பன், பதினான்கு கார்பன். இரட்டைப் பிணைப்பு 9ஆம் கார்பனில் தொடங்குகிறது. வீட்டு ஈயின் பாலின ஈர்ப்புப் பொருளாக 1971இல் அடையாளம் காணப்பட்ட அந்த ஆல்கீன்தான் இன்று மஸ்கலூர் என்ற பெயரில் ஈப்பொறிகளின் இரையில் சேர்க்கப்படுகிறது.