காற்றைக் குடித்துக் காயும் காடு

மழையில் நனைந்த காட்டை எண்ணெய் வண்ணத்தில் தீட்டும் இன்றைய ஓவியருக்கு அவசரம் ஆகாது. நீர்வண்ணம் என்றால் நீர் ஆவியானதும் காய்ந்துவிடும். எண்ணெய் ஆவியாவதில்லை. இந்த வண்ணத்தில் நிறமியைக் குழைக்கும் ஆளிவிதை எண்ணெயைப் புதிதாகப் பூசித் தராசில் வைத்துப் பார்த்தால், காயத் தொடங்கும்போது அதன் எடை கூடுவது தெரியும். கூடிய எடை அது காற்றிலிருந்து இழுத்துக்கொண்ட ஆக்சிஜனுடையது.

ஆளிவிதை எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் ஏறக்குறைய பாதி லினோலெனிக் அமிலம். அதன் கார்பன் சங்கிலியில் மூன்று இரட்டைப் பிணைப்புகள் உண்டு. ஆக்சிஜன் அவற்றின் அருகே வினைபுரிய, பக்கத்துப் பக்கத்துச் சங்கிலிகள் பிணைந்து வலையாகின்றன. அந்த வலைக்குள் நிறமித் துகள்கள் சிறைப்படுகின்றன. ஆலிவ் எண்ணெயில் பெரும்பகுதி ஒரே ஒரு இரட்டைப் பிணைப்பு கொண்ட அமிலம். அதில் வண்ணம் குழைத்தால் எத்தனை காலம் காத்திருந்தாலும் பிசுபிசுப்புப் போகாது. ஆளிவிதை எண்ணெய் ஆக்சிஜனோடு புரியும் வினையில் வெப்பமும் வெளியாகிறது. ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டிக் குவித்து வைத்தால் தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும் என்பது ஓவியக்கூடங்களில் விளையாட்டாகச் சொல்லும் எச்சரிக்கை அல்ல.

காயும் வேகம் நிறமிக்கு நிறமி மாறும். மாங்கனீஸ் கலந்த அம்பர் என்னும் பழுப்பு மண்நிறம் சீக்கிரம் காயும். மரத்தண்டையும் நிழலையும் முதலில் அதில் வரைந்துகொள்வது வசதி. கரிக்கறுப்பு நாள்கணக்கில் இழுத்தடிக்கும். அடுக்குகளிலும் ஒரு முறை இருக்கிறது: அடியில் எண்ணெய் குறைவு, மேலே போகப் போக எண்ணெய் கூடுதல். தலைகீழாகப் பூசினால், மேலடுக்கு இறுகிய பிறகும் கீழடுக்கு அசைந்துகொண்டிருக்கும். ஓவியம் வெடிப்பு விடும்.

வெயிலுக்கு எதிரே பிடித்த இலை உள்ளிருந்து ஒளிர்வதுபோல் தெரியும். பச்சையை அப்பிவிட்டால் அந்த ஒளிர்வு வராது. முதலில் வெள்ளையும் மஞ்சளும் கலந்த வெளிர் அடுக்கு. அது காய்ந்த பிறகு, தாலோ பச்சை என்னும் செயற்கை நிறமியை எண்ணெயில் நீர்க்கக் குழைத்து ஒரு மெல்லிய படலம். ஒளி பச்சைப் படலத்தைக் கடந்து, வெளிர் அடுக்கில் பட்டு, அதே படலத்தின் வழியே திரும்பி வருகிறது. இரண்டு முறை வடிகட்டப்பட்ட அந்தப் பச்சைக்குத் தனி ஆழம் உண்டு. 1930களில் சந்தைக்கு வந்த தாலோ பச்சையின் மூலக்கூறு நடுவில் தாமிர அணு அமர்ந்த ஒரு வளையம். இலையின் பச்சையத்திலும் இதை ஒத்த வளையம்தான், நடுவில் மெக்னீசியம். ஆய்வகம் இலைக்கு இவ்வளவு அருகே போயிருப்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது.

எல்லாவற்றையும் இப்படிப் பிடித்துவிட முடியாது. மார்ஃபோ வண்ணத்துப்பூச்சியின் நீலம் சிறகுச் செதில்களின் நுண்ணிய அடுக்கமைப்பில் ஒளி பட்டுப் பிறப்பது; நீல நிறமியால் அந்த மினுமினுப்பு வராது. டைட்டானியம் டை ஆக்சைடு பூசிய மைக்கா என்னும் மினுங்கும் கனிமத்தின் துகள்கள் ஓரளவு கைகொடுக்கும்.

தொட்டால் ஒட்டாத நிலை வந்த பிறகும் வேதிவினை ஓய்வதில்லை. அதனால்தான் வார்னிஷ் பூச ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை பொறுக்கச் சொல்கிறார்கள். புதிதில் சுமார் 1.48 ஆக இருக்கும் எண்ணெயின் ஒளிவிலகல் எண் (ஒளியை அது எவ்வளவு வளைக்கிறது என்பதன் அளவு) வயதாக ஆக உயர்ந்து, சில நிறமிகளின் ஒளிவிலகல் எண்ணை நெருங்கும். அப்போது அவை ஒளி ஊடுருவக்கூடியவையாகி, ஓவியர் மனம் மாறி மூடிய பழைய கிளை மங்கலாக வெளியே தெரியும். துத்தநாக வெள்ளை இன்னொரு தொல்லை: எண்ணெயின் அமிலங்களோடு சேர்ந்து சோப்பாக மாறும், படலம் நொறுங்கும் தன்மை பெறும், அடுக்கே உரிந்து வருவதும் உண்டு.

எண்ணெய் இருட்டில் மஞ்சள் பாய்கிறது. வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தால் அந்த மஞ்சள் பெருமளவு வெளுக்கும். ஆகவே காய்ந்துகொண்டிருக்கும் காட்டைச் சுவர்ப் பக்கம் திருப்பிச் சாத்திவைக்க வேண்டாம்.